பூனைக்கு இரண்டு வெள்ளி

இருபத்து மூன்றாம் தேதிக்கும் சம்பளத்துக்கும் நடுவே
ஒரு வாரம் நீட்டிப் படுத்திருக்கிறது.
அரிசி இருக்கிறது. வெங்காயம் எட்டு.
முட்டை மூன்று, ஆள் நாலு.
கொஞ்சம் மாவு கரைத்துச் சேர்த்தால்
மூன்று முட்டையும் சட்டி நிறைய விரியும் என்று
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை,
மாதக் கடைசி சொன்னது.

சுகந்திக்கு இப்போது கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
நான் செம்பனைப் பழ லோரியிலிருந்து
நாலு மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறேன்.
ஆக, அடுப்பு என்னுடையது.
முதல் வாரக் குழம்பைப் பார்த்து
"அப்பா, இது சூப்பா?" என்றான் தர்வின்.
ஆமாம் என்றேன்.
இரண்டு கிண்ணம் குடித்தான், நல்லவன்.

பாடாங் செராயில் புதன்கிழமை பசார் மாலாம்.
நாங்கள் போவது எல்லாரும் திரும்பும்போது,
கித்தானை அவிழ்க்கிற ஒன்பதரை மணிக்கு.
கங்கோங் மூன்று கட்டு ஒரு வெள்ளிக்கு இறங்கும்.
அடிபட்ட தக்காளிக்குத் தனிக் கூடை.
சட்னிக்கு என்ன தெரியும், அடி எங்கே பட்டதென்று?
லோஷினி என் தோளில் தூங்குவாள்.
பை தர்வின் கையில்.

ஆ லெக்கின் மீன் பலகையில்
வெட்டி ஒதுக்கிய தெங்கிரித் தலைகள்.
விலை கேட்க வாய் வரவில்லை.
"பூனைக்கு," என்றேன்.
எங்கள் வீட்டில் பூனை கிடையாது.
"பூனைக்கா? ரெண்டு வெள்ளி குடு," என்றான்
தோட்டத்துத் தமிழில், ஐஸைத் தள்ளிக்கொண்டே.
நாலு தலை, ஒரு வால்,
சதை ஒட்டிய நடுமுள் ஒன்று.

மோட்டாரில் வரும்போது தர்வின் கேட்டான்,
பூனைக்குப் பேர் என்ன?
"கிராணி," என்றேன், யோசிக்காமல்.
ரொம்ப நேரம் சிரித்தான், முதுகில் முகத்தை வைத்து.

புளி, வெந்தயம், கீறிய மிளகாய்,
கக் ரோஸ்னா வேலிக்கு இந்தப் பக்கம் சாய விட்டிருக்கும்
கறிவேப்பிலையில் ஒரு கொத்து.
தலைக்கு இரண்டு கன்னம், நாலு தலைக்கு எட்டு.
லோஷினிக்கு நாலு, முள் இருக்கிறதா என்று
விரலால் இருமுறை தடவி.
தர்வினுக்கு மூன்று.
ஒன்று மூடி வைத்தேன், காலையில் வருகிறவளுக்கு.
கண்ணும் மூளையும் குழம்பும் எனக்கு.
அதில்தான் ருசி என்பார்கள்;
பொய்யில்லை, அது நிஜமாகவே அப்படித்தான்.

மூன்றாவது புதன்
நான் வாய் திறக்கும் முன்பே தர்வின் சொன்னான்:
"அங்கிள், எங்க கிராணி போன வாரம்
ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டுச்சு."
ஆ லெக் கத்தியை வைத்தான்.
அவனைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.
அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை நான்.

வீட்டில் பையைக் கவிழ்த்தேன்.
செவுள் எடுத்து, செதில் உரித்து, கழுவியே இருந்தது.
தலைகளுக்கு அடியில் நடுத்துண்டு இரண்டு,
விரல் கனத்தில்.
அதற்கு அடுத்த வாரம் பையைக் கட்டிக்கொண்டே
"புளி கம்மியா போடு," என்றான்,
"பூனை வயித்துக்கு ஆகாது."

சம்பளம் வந்த அன்று
அரைக் கிலோ கெம்போங் கேட்டேன், முழு மீனாக.
"பூனைக்கா?"
"இன்னிக்குப் பூனைக்குச் சம்பளம்."
தராசு அரைக் கிலோவைத் தாண்டியது.
அவன் அதைப் படிக்கவில்லை.

காலை ஏழரைக்கு சுகந்தி வந்தாள்,
கையெல்லாம் வெள்ளை மாவு வாசனை.
பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தத்தில்
நின்றபடியே பழைய சோற்றைப் பிசைந்தாள்.
"உப்பு பத்தலை," என்றாள்.
சொல்லிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள்.
தட்டைக் கழுவ எடுத்தேன்.
ஓரத்தில் முள் மட்டும், வரிசையாக.
கிராணிகூட இவ்வளவு சுத்தமாக வைக்காது.