ஒன்பது பென்ஸ்

தலை வெட்டும் மரம் ஒன்று முன்னொரு காலத்தில் நின்றதால்
எங்கள் தெருவுக்கு ஜிப்பெட் என்று பேர்.
பதிமூன்றரைப் பென்ஸ் துணியைத் திருடினால் ஒரு தலை,
அது ஹாலிஃபாக்ஸின் பழைய கணக்கு.
நான் வாங்குவது ஒன்பது பென்ஸ்.
தலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பலகையில் இன்னமும் 'க்ளெம் கிரீன்வுட், ஆடவர் சவரம்'.
க்ளெம் பிரான்சில் ஏதோ ஒரு சேற்றுக்கடியில்.
பதினோரு வருடமாகக் கத்தி தீட்டுவது நான்.
இந்த ஊர்த் தாடைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.
பிடரிகள்தாம் புதிது.

பெண்களுக்கான கடைகளில் மாட்டவே மாட்டோம் என்றார்களாம்.
அதனால் சனிக்கிழமை, ஆலைச் சங்கு ஊதிய கையோடு
இங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள்.
கம்பளித் தூசி இன்னும் புருவத்தில்,
செயற்கைப் பட்டுக் காலுறை முழங்காலுக்குக் கீழே சுருட்டி,
முழங்காலில் பவுடர்.
நுரை பூசி உட்கார்ந்திருந்த ஸ்டான்ஸ்ஃபீல்ட்
செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினார்.
நுரை காயும்வரை ஒரே பக்கத்தைப் படித்தார்.

வின்னி ஹோல்ராய்டின் பின்னல் இடுப்பைத் தாண்டும்.
ஏன் என்று நான் யாரையும் கேட்பதில்லை. அவளே சொன்னாள்:
போன மாதம் மூன்றாம் தறியில்
பெல்ட் ஒரு பெண்ணின் பின்னலைப் பிடித்துக்கொண்டது.
கொஞ்சம் கழித்து, அது மட்டும் இல்லை, என்றாள்.
சார்ல்ஸ்டன் ஆடும்போது பின்னல் முதுகில் அடிக்கிறது,
போதும் வீட்டுக்கு வா என்று
யாரோ தட்டுவதுபோல.

முதல் வெட்டு நறுக்கென்று விழாது.
நனைந்த கயிற்றை அறுப்பதுபோல நாலைந்து கடி.
பிறகு சட்டென்று தலை மேலே எழும்பும்,
தராசில் ஒரு தட்டைக் காலி செய்ததுபோல.
அந்த நொடியில் எல்லோரும் சிரிப்பார்கள்.
வின்னி சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்
தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்,
வெளியூரில் ரயிலிறங்கியவள் சுவரைத் தொடுவதுபோல.

திங்கட்கிழமை அவள் அப்பா.
சேப்பலுக்குப் போடும் கோட்டு. கையில் தாளில் சுற்றிய பொட்டலம்.
"இதை மறுபடி வைத்துத் தை."
"நான் தையற்காரி இல்லை, மிஸ்டர் ஹோல்ராய்ட்."
"வேதம் என்ன சொல்கிறது தெரியுமா?"
அவர் முடிக்கவில்லை.
பின்னலின் நுனியில் நீல நாடா அப்படியே இருந்தது.
அதை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.
மனைவி போன பிறகு ஞாயிறு காலைகளில்
அவர்தான் பின்னிவிடுவாராம்.
அதைச் சொல்லத் தெரியாமல் வேதத்தை எடுத்திருக்கிறார்.
நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.
சவரம் முடியும்வரை பொட்டலம் மடியிலேயே கிடந்தது.

இரவில் கடையைப் பெருக்குகிறேன்.
தலையில் இருக்கும் மட்டும் கூந்தல், தரைக்கு வந்தால் மயிர்.
கறுப்பு, செம்பட்டை, நரை
எல்லாம் ஒரே முறத்தில்.

எனக்கு முப்பத்தெட்டு. ஓட்டு உண்டு.
இடுப்புவரை முடியும் உண்டு.
வின்னிக்கு இருபத்திரண்டு. இரண்டும் இல்லை.
குட்டைப் பாவாடைகளுக்கு ஓட்டா என்று
லண்டனில் கனவான்கள் பதறுகிறார்களாம்.
மூளை முட்டியில் இருப்பதாக நினைப்புபோல.

க்ளெம் கடைசியாக எழுதிய தாளைத் தேடி எடுத்தேன்.
மழை, பேன், இரண்டு ஜோடி காலுறை அனுப்பு.
என் கூந்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இத்தனை வருடம் யாருக்காகக் காத்து வைத்தேனோ.

அடுத்த சனிக்கிழமை வின்னியைக் கடைசி ஆளாக நிறுத்திவைத்தேன்.
கதவைத் தாழிட்டேன்.
கத்தரியை அவள் கையில் கொடுத்துவிட்டு
நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.
"எனக்குத் தெரியாதே, மிஸஸ் கிரீன்வுட்."
"எனக்கும் முதல் நாள் தெரியாது."
ஒன்பது பென்ஸை எண்ணி மேசையில் வைத்தேன்.

கோணல்தான். இடது பக்கம் ஒரு விரல்கடை தூக்கல்.
திங்கட்கிழமை ஸ்டான்ஸ்ஃபீல்ட்
செய்தித்தாளைக் கீழே வைத்தார்.