பெயர்ச்சீட்டு கரைந்த பெட்டிகள்

கேப் டவுனில் ஓர் அருங்காட்சியக நிலவறை.
கல் கழுவுவது என் வேலை.
நாளுக்கு ஒன்பது பென்ஸ், ஒரு தூரிகை,
முனை மழுங்கிய ஊசி நான்கு.
பேரேட்டில் நான் காத்ரீனா ஆப்போலிஸ்.
மாடியில், "ஏய், கீழே இருக்கிறவளே."

இருபத்துமூன்றாம் ஆண்டு, ஜூலை.
மேசைமலை முகம் காட்டாத வாரம்.
சான்டோஸ் துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது,
காப்பி வாசனை பிடித்த வைக்கோலுக்குள்
பிரேசில் நாட்டுக் கருங்களிப் பலகைகள்.
கிம்பர்லிப் பக்கத்துப் பெட்டி
அதற்கு முன்பே திறந்து கிடந்தது.
இரண்டிலும் ஒரே பிராணி.
ஒரு முழம் இருக்கும்,
ஈர்கொல்லிச் சீப்புபோல் நெருங்கிய பல்,
வாலை வளைத்துக்கொண்டு செத்திருந்தது.

அன்றிரவு குழாய் வெடித்தது.
காலையில் வந்தால்
பெயர்ச்சீட்டுகள் தரையில் மிதக்கின்றன
மை கரைந்து, ஊர் கரைந்து.

பதினேழு பலகைகள்.
நகத்தால் கீறினேன். முகர்ந்தேன்.
நாக்கு நுனியால் தொட்டேன்.
எங்கள் தொழிலில் அது வழக்கம்தான்,
எலும்பென்றால் நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது.
ஒட்டியது.
எந்த ஊர் என்று மட்டும் சொல்லவில்லை.

காப்பாளர் தாக்வெல் துரை இறங்கி வந்தார்.
உருப்பெருக்கியோடு ஒரு மணி நேரம்.
பிறகு இன்னொரு மணி.
அவருக்கும் தெரியவில்லை,
ஆகவே என்மேல் கோபம்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். தேநீர் நான்தான் ஊற்றினேன்.
ஜெர்மனியில் யாரோ ஒரு வானிலைக்காரர்
கண்டங்கள் நகர்ந்தன என்கிறாராம்,
ஒட்டிக் கிடந்தவை விலகினவாம்.
சிரித்த சிரிப்பில் சாஸர்கள் தடதடத்தன.
"மேகம் பார்க்கிறவனுக்கு மலையும் மேகம்தான்."
"தள்ளியது யாராம்? பெயரைச் சொல்லட்டும்."
"நாலு வருஷம் பீரங்கியால் எல்லையை நகர்த்திப் பார்த்தார்கள்,
இப்போது பேனாவால்."

அப்படியானால் இந்தப் பிராணி எப்படிக் கடல் தாண்டியது
என்று கடைசி வரிசையில் ஓர் இளைஞன்.
தாக்வெல் துரை எழுந்தார்.
சுவர்ப்படத்தில் கைத்தடியால் ஒரு கோடு.
இங்கே நிலப்பாலம் இருந்தது,
நாலாயிரம் மைல்,
பின்னால் மூழ்கிவிட்டது.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
தள்ளியவன் பெயரைக் கேட்டவர்கள்
அமுக்கியவன் பெயரைக் கேட்கவில்லை.

கீழே பதினேழு பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன,
துரையாலேயே பிரிக்க முடியாமல்.
சொல்ல வாய் வரை வந்தது.
"சர்க்கரை இரண்டு கட்டியா, மூன்றா?" என்று கேட்டேன்.

பேரேட்டில் எழுதினார்:
ஊழியரின் கவனக்குறைவால் மூல இடம் குழம்பியது.
மூன்று ஷில்லிங் பிடித்தம். என் நாலு நாள்.

உத்தேசமாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்.
எட்டு அந்தப் பெட்டி, எட்டு இந்தப் பெட்டி.
மிஞ்சிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
கனத்தது.
கடைசியில் நடுவிலிருந்த முக்காலியில் வைத்து
விளக்கை அணைத்தேன்.

கடலோரமாய் வீட்டுக்கு நடை.
செருப்புக்குள் இன்னும் நேற்றைய ஈரம்.
மேற்கே ஒரே தண்ணீர்.
அதற்கு அப்பால் எங்கோ ஒரு நிலவறையில்
வைக்கோல் திணித்து இந்தப் பெட்டியை ஆணியடித்தவள்
யாராவது இருப்பாள்.
மூடுமுன் அவளும் நாக்கால் தொட்டிருப்பாள்.
அவளுக்கும் ஒட்டியிருக்கும்.