நாலு பன்னிரண்டு

சங்கம் தந்தது நாற்பதாயிரம்.
அதற்குள் ஒரு பலகை:
பஸ் நேரம் தானாய் மாற வேண்டும்,
மழை படக் கூடாது,
தலைவரின் படம் ஓர் ஓரத்தில் வர வேண்டும்.

ஏறாவூரில் மூடப்போன ஸ்டூடியோவில்
பழைய ரீவி ஒன்று கிடைத்தது.
மேலிருந்து கீழாய் அதில் ஒரு பச்சைக் கோடு.
"அது போகா புள்ள,
அதுக்குத்தானே விலையக் குறைச்ச."
கோட்டுக்கு இந்தப் பக்கம் நேரம்,
அந்தப் பக்கம் ஊர்.
அட்டவணைக்கு நான் கோடு போடவில்லை.

சிகரெட் பெட்டியளவு மட்டையைக் கண்டு
"இதுவா கொம்பியூட்டர்? இதுக்கா பதினையாயிரம்?"
உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார் பொருளாளர்,
றால் வாங்குகிறவர் மாதிரி.

முதலில் எரிந்தபோது
ஊரெல்லாம் வெறும் கட்டம் கட்டம்.
எழுத்துரு போட்டேன்.
கட்டங்கள் போயின, கொம்புகள் கழன்றன.
முன்னால் நிற்க வேண்டியவை
எழுத்துக்குப் பின்னால்,
பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல
ஆளுக்கொரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு.
வாழைச்சேனைக்கு மூன்று கொம்பு.
இரவு இரண்டு மணிக்கு எண்ணினேன்.
கொழும்புக்கு ஒன்றுதான்.

சிங்களத்தில் ஒரு சுழி குறைகிறதென்றான்
பொலன்னறுவை பஸ் கண்டக்டர் திலிண.
மிதிபலகையில் தொங்கியபடி
காற்றில் எழுதிக் காட்டினான்.
பஸ் கிறுகிப் போக,
அந்தச் சுழியும் பாதியோடு போனது.
அடுத்த நாள்தான் மீதி.

ரைம்கீப்பர் சபூர்தீன் மட்டும்
நாலு நாள் பலகைப் பக்கம் திரும்பவில்லை.
விசில், கொப்பி, நீலப் பேனை.
கதிரையையும் மறுபக்கம் போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் கறண்ட் போனது.
அந்தச் சின்ன மட்டைக்குள் மணிக்கூடு இல்லை.
கண் மூடிய நேரத்தை வைத்துக்கொண்டே
கண் திறக்கும்.
நெற் இருந்தால் யாரிடமாவது கேட்டுக்கொள்ளும்.
அன்றைக்கு நெற்றும் இல்லை.

பொழுது பட்டபிறகு கறண்ட் வந்தது.
பலகை விழித்தது: 4.12.
கல்முனை பஸ் இன்னும் எட்டு நிமிடத்தில்.
பாசிக்குடா ஹொட்டலில் துணி வெளுத்துவிட்டு வந்த ஒருத்தி
நிமிர்ந்து பார்த்தாள்,
செருப்பைக் கழற்றினாள்,
கச்சான் வாங்கி மடியில் கொட்டினாள்.
அவளுக்கு எதிரே கடைசி பஸ்
உறுமிக்கொண்டு நின்றது.

விசில்.
"எழும்பு மகள், அது பொய் சொல்லுது!"
கச்சான் பாதி நிலத்தில்.
செருப்பு ஒன்று கையில், ஒன்று காலில்.

மறுகா எனக்குப் போன் வந்தது.
ஏச்சு இல்லை.
"உன்ட பெட்டிக்கு நேரம் தெரியா புள்ள.
என்ன செய்யணும் சொல்லு."
சொன்னேன்:
உங்கட போனில் ஹொட்ஸ்பொட் போடுங்க,
நான் சொல்ற பேரை வையுங்க,
சங்கத்துப் பாஸ்வேர்ட் போடுங்க.
ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லி
அழுத்திக்கொண்டிருந்தார்.
கிட்டே ஆரோ சிரித்தார்கள்.
அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
அப்புறம்,
"அல்லா, பாஞ்சிட்டு" என்றார்.

அடுத்த நாள் மட்டைக்கு ஒரு மணிக்கூடு வாங்கினேன்,
காசளவு பற்றரியோடு.
கணக்கில் எழுதினேன்: நேரம், ரூபா 650.
பொருளாளர் வெட்டிவிட்டு
"உதிரிப்பாகம்" என்று திருத்தினார்.

ஏணியைப் பிடிக்க வந்த சபூர்தீன்
கொப்பியைக் கதிரையில் விட்டிருந்தார்.
மேலே நின்று வாசித்தேன்.
வந்த பஸ், போன பஸ்,
ரயர் வெடித்த ஓட்டமாவடி பஸ்,
அதற்குக் கீழே நீலப் பேனையால்:

பலகை.
வர வேண்டியது 4.12.
வந்தது 6.41.
தாமதம் இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடம்.
காரணம்: கறண்ட்.
தண்டம் இல்லை.