வாயில் பஞ்சு

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி
கிண்ணத்தில் டங்கென்று போட்டுவிட்டு
"கத்தா கரன்ன எப்பா" என்றார் டாக்டர்.
மூன்று விரலைக் காட்டினார்.
மூன்று மணியா மூன்று நாளா என்று கேட்கலாம்,
கேட்கத்தான் கூடாதே.
நாள் என்றே வைத்துக்கொண்டேன்.
பிடுங்கியது ஞானப்பல்லாம், நர்ஸ் சொன்னாள்.
அப்படியொன்று என் வாய்க்குள் இருந்ததை
தோட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா
நோர்வூட் வரைக்கும்
தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.
இறங்கும்போது கையைப் பிடித்து
"ஒங்களோட பேசுனது மனசுக்கு ஆறுதலா இருந்திச்சு" என்றார்.
நான் தலைகூட ஆட்டவில்லை.
பஸ்தான் ஆட்டியது.

வீட்டில் சன்னாசி
தேத்தண்ணியை ஆற்றித் தந்து என் முகத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
இன்னொரு தரம் பார்த்தார்.
"சரி, மூவாயிரந்தான்" என்றார்.
எனக்கு ஒன்றும் தெரியாது.
"தம்பிக்குத்தான் குடுத்தேன்" என்றார்.
வலி. கன்னத்தைத் தடவினேன்.
"இல்ல, பாதி தவறணைக்கு" என்றார்.
பதினேழு வருஷக் குடித்தனத்தில்
நான் கேட்ட எந்தக் கேள்விக்கு
இப்படிப் பதில் வந்திருக்கிறது?

மறுநாள் நிறுவை.
பதினெட்டுக் கிலோவில் இரண்டைத்
தண்ணிக்கென்று கழிப்பார் கணக்கப்பிள்ளை.
வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் தண்ணிதான்.
வழக்கமாக நான் தொடங்கினால்
அவருடைய பாட்டன் வரைக்கும் போய்த் திரும்புவேன்.
இரண்டு கிலோ அப்படியே கழியும்.
அன்று வீங்கிய கன்னத்தோடு
பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.
தராசைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.
பேனாவை உதறினார்.
ஒன்றுதான் கழிந்தது.

அடடா, வாயை மூடினால் கிலோக் கணக்கில் ஆதாயம்!

மூன்றாம் நாள் வலி போய்விட்டது.
பஞ்சு தேவையில்லை.
வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் திலகேஸ்வரி,
பேர் பதிந்து மாதம் ஆகவில்லை.
அவள் கொழுந்தில் மூன்றைக் கழித்து
அரைப்பேர் என்றார்.
அவள் என்னைப் பார்த்தாள்.
வரிசையே என்னைப் பார்த்தது,
இதற்கென்று இந்த மலையில் இருக்கிற வாய்
என்னுடையதுதானே.
நான் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன்,
நேற்றுப் பார்த்த அதே பார்வை.
அது எனக்கு மட்டும்தான் வேலை செய்யும்போல.
எழுதினார். பக்கத்தைத் திருப்பினார்.
வெறுங்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு
"அக்காவுக்குப் பல்லுவலி" என்று
மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாள் அந்தப் பிள்ளை,
எனக்காக.

பஞ்சைத் துப்பினேன்.
தேயிலைத் தூரில்
துளி இரத்தமில்லாமல்
வெள்ளையாகவே கிடந்தது.

பிறகு நிறுவைக் கொட்டகையில்
மூன்று நாள் பாக்கியும் சேர்ந்து வந்தது.
பாட்டனோடு நிற்கவில்லை அன்று.
கங்காணி ஓடிவந்தார், ஆபீஸ் கிளாக்கர் ஓடிவந்தார்.
அரைப்பேர் முழுப்பேர் ஆனதா என்றால்
ஆகவில்லை,
"நாளைக்குப் பாப்போம்" என்றார்கள்.
நாளைக்கு என் கூடையிலும் மூன்று கழியும்,
தெரியும்.

லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது.
அடுத்த காம்பராப் பவளக்கொடி
இரண்டு ராத்திரியாகச் சுவரைத் தட்டி
"இருக்கியாடி?" என்று கேட்டவள்.
என் சத்தமில்லாமல் அவளுக்குத் தூக்கம் வராதாம்.
இன்றைக்கு நானே தட்டினேன்.
டாக்டர், கிண்ணம், யாரோ ஒரு மருமகன், மூவாயிரம்
என்று ஆரம்பித்து
திலகேஸ்வரியிடம் வரும்போது
குரல் தானாக இறங்கியது.
"அப்பவே பேசியிருக்கணும்டி நான்."

அந்தப் பக்கம் குறட்டை.

பல் இருந்த குழிக்கு
நாக்கு போய்ப் போய் வந்தது.
மீதியையும் சொல்லி முடித்தேன்.