வில்லுக்குறி வேகத்தடை

பார்வதிபுரம் பாலம் இறங்குகிற இடத்தில்
தகரக் கூரைக்குக் கீழே பதினேழு கார்கள்.
எல்லா டயரிலும் கறுப்புப் பாலிஷ்.
நேற்றைய மழை எதையும் தொட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு வேண்டியது கார் அல்ல,
ஒரு முதுகு.
நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
என் ஆல்டோ பதினொரு வருடம் எழுதிவந்ததை
ஆசாரிப்பள்ளத்து டாக்டர்
ஸ்கேன் படத்தில் வாசித்துக் காட்டினார்.

விடியுமுன் வீடு வீடாய்ப் போய்
வெறும்வயிற்று ரத்தம் எடுப்பவள் நான்.
கருங்கல், முளகுமூடு, திருவட்டாறு,
எட்டரைக்குள் தக்கலை லேபில் இருக்க வேண்டும்.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
குழியில் விழுந்தால் முதலில் அதைத்தான் திரும்பிப் பார்ப்பேன்,
குலுங்கிய ரத்தம் பொய் சொல்லும்.
எனக்கு வலித்தது அப்புறம்தான் தெரியும்.

"இது டாக்டர் ஓட்டின வண்டியாக்கும்" என்றார் டென்னிஸ்ராஜ்.
அடுத்ததும் டாக்டருடையது.
மூன்றாவது, டாக்டரின் மனைவி
ஞாயிறு பூசைக்கு மட்டும் எடுத்தது.
இந்த மாவட்டத்தில் வேறு யாரும்
கார் ஓட்டியதே இல்லைபோல.

வெள்ளை வண்டியின் விரிப்பைத் தூக்கினான் மெக்கானிக் பென்சிகர்.
அடித்தகரம் அப்பளமாய் நொறுங்கியது.
விரலை நக்கிப் பார்த்து
"குளச்சல்" என்றான்.

நீல வண்டி துபாய்க்காரருடையது.
வருடத்தில் இருபது நாள் ஓட்டம்,
மிச்சமெல்லாம் பாலித்தீன் போர்வைக்குள்.
சீட்டில் இன்னும் கடை உறை. உட்கார்ந்தால் சறுக்கியது.

சாம்பல்நிற சிட்டி
கூரைக்கு வெளியே, பலாமரத்தடியில்,
கண்ணாடியில் ஒரு பழுத்த இலையோடு நின்றது.
உட்கார்ந்தேன்.
சீட்டை முன்னே இழுக்கவில்லை,
கண்ணாடியைத் திருப்பவில்லை.
என் உயரத்தில் யாரோ,
என்னைப் போலவே இடப்பக்கம் சாய்கிற யாரோ,
வருடக்கணக்கில் அந்த நுரையை
எனக்காக அமுக்கி வைத்திருந்தார்கள்.
முதுகு ஒன்றும் சொல்லவில்லை.
அது கடைசியாய் ஒன்றும் சொல்லாமல் இருந்தது
எந்த வருடம் என்று யோசித்தேன்.

"நாப்பத்திரெண்டாயிரம்தான் ஓடியிருக்கு சிஸ்டரே."
பென்சிகர் குனிந்து கிளட்சில் டார்ச் அடித்தான்.
"பெடல் ரப்பர் வழுவழுன்னு இருக்கு.
ஒண்ணரை லட்சம் மிதிச்ச ரப்பராக்கும் இது.
மீட்டர பின்னால சுத்தியிருக்கானுவ.
வேண்டாம், எழும்புங்க."

எழும்பவில்லை.
காலையில் தோசை தின்றுவிட்டு
வெறும்வயிறு என்று கை நீட்டுபவர்களை
தினமும் நாலு பேரையாவது பார்க்கிறேன்.
கோபிப்பதில்லை.
ஃபாரத்தில் குறித்துக்கொண்டு ஊசியை எடுப்பேன்.

உட்கார்ந்தபடியே விலை பேசினேன்.
மீட்டரின் பொய்க்கு நாற்பதாயிரம்,
கிளட்சுக்குப் பதினெட்டு,
டாக்டர் என்ற சொல்லுக்கு இரண்டு.
மூன்றாவதுக்குச் சிரித்துவிட்டார் டென்னிஸ்ராஜ்.
சிரித்தபின் அவரால் மறுக்க முடியவில்லை.

ஆல்டோவிலிருந்து ஐஸ் பெட்டியை மட்டும் எடுத்தேன்.
அதன் நாலு கால் தடமும் சீட்டில் குழிந்து கிடந்தது.
நான் கிளம்புமுன்னே பையன் ஒருவன்
தண்ணீர்க் குழாயை அதன் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.
நாளைக்கு அதுவும்
டாக்டர் ஓட்டின வண்டியாக்கும்.

சுங்கான்கடை தாண்டி
வில்லுக்குறி வேகத்தடை.
உடம்புக்கு அது தெரியும்.
பத்தடி முன்னமே பல்லைக் கடிக்கும்,
வயிற்றை உள்ளிழுக்கும்.
கடித்தேன். இழுத்தேன்.
வண்டி ஏறி இறங்கியது.
பெட்டிக்குள் ஒரு குப்பி
இன்னொன்றைத் தொட்ட சத்தம்.
அவ்வளவுதான்.

நம்பிக்கை வராமல்
சிப்ஸ் கடை முன் திருப்பி
மறுபடி ஏறினேன்.
டீக்கடையிலிருந்து ஒருவர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.
"வழி தப்பிட்டா?"
இல்லை என்றேன்,
மூன்றாவது தடவைக்குத் திருப்பியபடி.