மறுபயன்

புகார் மனுவின் நகலை மடியில் வைத்துக்கொண்டு
பாம்பனில் இறங்கினேன்.
ந.க. எண் எழுதிய காகிதம் பாலத்துக் காற்றில்
இரண்டு முறை பறக்கப் பார்த்திருந்தது.

'பதிவு பெறாமல் மனநல ஆலோசனை வழங்கி வருகிறார்.'
பெயர் எமரித்தா. தொழில் பாசி எடுத்தல். ஊர் சின்னப்பாலம்.
மனுதாரர் இராமநாதபுரத்தில் பலகை மாட்டி
பதிவு எண்ணோடு அமர்ந்திருப்பவர்.
அவரைக் குறை சொல்வதற்கில்லை.
ஆறு வருடம் படித்தவர், மாதா மாதம் வாடகை கட்டுபவர்,
பேய் ஓட்டுகிறேன் என்று ஒரு பையனைச்
சங்கிலியில் போட்டு வைத்தவனைப்
பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

விதி பதினொன்றின் விலக்குகள் எனக்கு மனப்பாடம்:
வழிபாட்டுத் தலத்தில் ஆறுதல் சொல்லும் பாதிரியார், இமாம், பூசாரி;
மேற்பார்வையில் பயிலும் மாணவர்;
தான் பட்ட துயரத்தை அதே துயருடையோரிடம் பகிர்பவர்,
மறுபயன் ஏதும் பெறாத பட்சத்தில்.
அந்தக் கடைசி நாலு வார்த்தைக்காகத்தான் பஸ் ஏறினேன்.

அவள் அப்போதுதான் கரையேறியிருந்தாள்.
விரல்களில் சுற்றிய துணி நாடாக்களைப்
பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:
"இதுக்குமா லைசென்சு?
தீவுக்குப் போகக் கூடாதுன்னு ஒரு அட்டை குடுத்தாங்க.
பெறகு போகலாம்னு ஒரு அட்டை குடுத்தாங்க.
எந்த அட்டை செல்லும்னு பாசிக்குத் தெரியல சார்."

யார் யார் வருகிறார்கள்?
யாழ்ப்பாணத்து ஜெயிலிலிருந்து திரும்பியவர்கள்.
டார்ச் வெளிச்சம் பட்டால் கட்டிலுக்கடியில் நுழைகிறவன்.
படகைப் பறிகொடுத்து ஐந்து மாதமாய் வாய் திறக்காதவன்.
அவனுக்கும் சேர்த்துப் பேசிப் பேசி
தொண்டை கட்டிப்போன அவன் பெண்டாட்டி.

என்ன சிகிச்சை?
"ஒண்ணுமில்ல, பக்கத்துல உக்காருவேன்.
எம் புருசனும் எட்டு மாசம் உள்ள இருந்தாரு,
வந்தும் வராத மாதிரி இருந்தாரு, அதச் சொல்லுவேன்.
முங்குறப்ப எண்ணுற மாதிரி மூச்ச எண்ணச் சொல்லுவேன்.
நாப்பதுக்கு மேல விடமாட்டேன்.
கயிறு, மருந்துன்னு பேச்சு வந்துட்டா
நானே ஆட்டோ புடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவேன்.
சீட்டு இருக்கு, பாக்குறீங்களா?"
பாலிதீன் பைக்குள் பதினேழு ஓ.பி. சீட்டு,
எல்லாம் உப்பில் விறைத்து.

பணம்?
இல்லை.
பொருள்?
யோசித்தாள்.
யோசித்துப் பதில் சொல்பவர்களால்
என் கோப்புகள் எப்போதும் தாமதம்.
"சூடை கொண்டாருவாங்க. ஒருக்கா பாதி நண்டு."
"பாதியா?"
"மீதிய அவங்களே தின்னுட்டாங்க.
இந்தா, இப்ப நீங்க இருக்கீங்களே, அதே எடத்துல உக்காந்து."

பேனா நின்றது.
சூடைக்கு ஏலக் கொட்டகையில் விலை கேட்கலாம்.
அடுத்தவர் எதிரில் உட்கார்ந்து
பல மாதம் கழித்துப் பசித்துத் தின்ற நண்டுக்கு
மதிப்பு எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

விசாரணை முடிந்தது என்றேன். எழுந்திருக்கவில்லை.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"நீங்க தூங்குறீங்களா சார்?" என்றாள்.

ஒன்றரை மணி பஸ் போயிற்று.
இரண்டே கால் பஸ்ஸும்.
என்ன பேசினேன் என்பது அறிக்கையில் இல்லை.
என் தம்பியின் பெயர் மட்டும்,
எப்படியோ,
மனு நகலின் ஓரத்தில் என் கையெழுத்தில் கிடக்கிறது.

மறுநாள் கோப்பில் குறிப்பு வைத்தேன்:
'இதனை வேறொரு அலுவலர் விசாரிப்பதே முறையாகும்.
கீழே கையொப்பமிட்டவர்
இதில் சம்பந்தப்பட்டவராகிறார்.'
கண்காணிப்பாளர் சிவப்பு மையில் எழுதித் திருப்பினார்: எவ்வகையில்?

டீ இரண்டு, இருபது ரூபாய்.
கொடுத்தது நான்.
அவளுடையதை அவள் தொடவே இல்லை,
நான் பேசி முடிக்கும்வரை
ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.