சொல்லாவிட்டால்

பெருங்குடியில் நாலாவது மாடி.
சதுப்புநிலத்துப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை,
குப்பைமேட்டு வாடை ஏறி வரும்.
ஏசி எப்போதும் இருபதில்.
யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

சேர்ந்த ஒன்பதாம் நாள் ருக்சானா
ஒரே ஒரு சொல்லை அடித்தாள்: புஷ்.
எதை என்று சொல்லவில்லை.
சர்வர் மறுத்தது.
பக்கத்து இருக்கை எட்டிப் பார்த்து
'ஃபோர்ஸ் போடு' என்றது.
(பக்கத்து இருக்கையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.)
போட்டாள்.

அவளுக்குக் கொடுத்திருந்தது
வேலையை விட்டுப் போன யாரோ ஒருவரின் மடிக்கணினி.
அதில் தூங்கிக் கிடந்த பழைய கிளைகள்
பதினொன்றும் எழுந்து போய்
சர்வரில் உட்கார்ந்துகொண்டன.
அடியில் என் மூன்று நாள்.

தணிகைவேல் சொன்னார்:
'எல்லாம் கையேட்டில் இருக்கு.
கைப்பிடி எது, கூர் எதுன்னு தெரியாதவங்க
கத்தியைத் தொடக்கூடாது, எப்சிபா.'

'கத்தியை நீட்டுறவங்க
கைப்பிடிப் பக்கமா நீட்டணும்னு
உங்க வீட்டுல சொல்லித்தரலையா சார்?'

அதற்குப் பிறகு மீட்டிங் அறையில் நாலு பேர், பிறகு ஒன்பது பேர்.
வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள்.
நான் சொன்னது இவ்வளவுதான்:
பேசாதவருக்கு என்ன செய்வதென்று
யாரோ ஒருநாள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.
அவர் தனியாக வேலை பார்த்தவராக இருக்கவேண்டும்,
எல்லாக் கிளையும் அவருடையதே.

ருக்சானா கடைசி நாற்காலியில்.
'இனிமே எதை அடிக்கவும் பயமா இருக்கு.'
அதைப் பலகையில் யாரும் எழுதவில்லை.

ஆறு மணிக்குள் போனதெல்லாம் கிடைத்துவிட்டது.
என் கணினியிலேயே இருந்தது.
கிடைத்ததால் வாதம் நிற்கவில்லை.
ஏழுக்கு இரண்டு என்று மாற்றினோம்:
ஒன்றும் சொல்லாவிட்டால்
நிற்கிற கிளை மட்டும் போகும்.

வியாழன் இரவு
பழைய அர்த்தத்தை நம்பி எப்போதோ எழுதப்பட்ட ஒரு ஸ்கிரிப்ட்
பதினொரு கிளைகளை அனுப்பவேண்டிய இடத்தில்
ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு
'முடிந்தது' என்று பச்சையில் எழுதியது.
காலையில் கோயம்புத்தூர்க் கடைகளிலெல்லாம்
போன மாத விலையில் பில்.

தணிகைவேல் 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு
ஸ்கிரிப்டைத் திறந்து
ஒவ்வொரு வரியிலும் கிளையின் பெயரை
முழுசாக எழுத ஆரம்பித்தார்.

மாலை ரயில் நிலையத்துக்குக் கீழே டீக்கடை.
போன வருஷம் பல்வலியில் ஒரு தடவை சொன்னேன்,
'சக்கரை வேணாம் மாஸ்டர்.'
அதிலிருந்து கேட்பதே இல்லை.
என் தலை தெரிந்ததும்
சர்க்கரை போடாத கிளாஸ் தனியாக வரும்.

இன்று இரண்டு ஸ்பூன் வேண்டும்போல் இருந்தது.
மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்து
அதே கிளாஸை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.
சொல்லவில்லை.